குழந்தைப்பேறு சிகிச்சைக்கான ஸ்கேன்: அறைக்குள் என்ன நடக்கும்?

(காட்சி: தருமபுரி பஸ் நிலையம், காலை நேரம்)

வணக்கம். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்து, ஸ்கேன் அறை வாசலில் தண்ணீர் பாட்டிலோடு காத்திருக்கும் பெண்களுக்காக இந்த வீடியோ. "இன்னும் விசேஷம் இல்லையா?" என்று கேட்க ஊரே இருக்கிறது. உள்ளே என்ன செய்வார்கள் என்று சொல்லி அனுப்பத்தான் ஆளில்லை.

முதலில் அந்தத் தண்ணீர். வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனுக்கோ சிறுநீர் கழித்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். குழந்தைப்பேறு சிகிச்சையில் பெரும்பாலும் எடுப்பது உள்வழி ஸ்கேன்தான். எந்த ஸ்கேன் என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் பஸ்ஸில் அடக்கிக்கொண்டு வந்தது வீணானால் கண்ணில் நீர் வந்துவிடும்.

(காட்சி: படுக்கை, திரைச்சீலை, கருவி)

இடுப்புக்குக் கீழே உள்ள உடையைக் கழற்றியோ விலக்கியோ, போர்வையால் மூடிக்கொண்டு, முழங்காலை மடக்கிப் படுப்பீர்கள். கருவி ஏறக்குறைய இரண்டு விரல் பருமன். அதன் மேல் புதிய ஆணுறையை மாட்டி, ஜெல் தடவி மெதுவாக உள்ளே செலுத்துவார்கள். ஜெல் சில்லென்று இருக்கும். கருவியைப் பக்கவாட்டில் திருப்பும்போது அழுத்தம் தெரியும். சினைப்பை சரியாகத் தெரியாவிட்டால் மறு கையால் அடிவயிற்றை லேசாக அழுத்துவார்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். வலித்தால் "நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள். கட்டாயம் நிறுத்த வேண்டும். மருத்துவர் ஆணாக இருந்தால் உடன் ஒரு பெண் ஊழியர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. பலூன் ஊதினால் உதடு தடிக்கும் உடம்பாக இருந்தால், ரப்பர் ஒவ்வாமை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாதவிலக்கின் இரண்டாம், மூன்றாம் நாளிலேயே வரச் சொல்வதுண்டு. தீட்டு நாளில் எப்படிப் போவது என்று பல வீடுகளில் தயங்குகிறார்கள். சினைப்பையில் உள்ள சின்னச் சின்ன முட்டைப் பைகளை எண்ண ஏற்ற நாள் அதுதான். உதிரம் படுகிறதே என்று கூச வேண்டாம்.

அந்தப் பைகள் 2 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருக்கும். அவற்றில் ஒன்று வளர்கிறதா என்று மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து ஒன்பது, பத்தாம் நாள் முதல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்ப்பார்கள். நாளுக்குச் சுமார் 2 மில்லிமீட்டர் வளர்ந்து, ஏறக்குறைய 18 முதல் 24 மில்லிமீட்டரை எட்டும்போது வெடித்து முட்டை வெளிவரும். கர்ப்பப்பையின் உள்சவ்வு எவ்வளவு தடித்திருக்கிறது, நார்த்திசுக் கட்டி உண்டா என்பதும் தெரியும்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும்: நீர்க்கட்டி. அதைக் கேட்டதும் அறுவை சிகிச்சை, புற்றுநோய் என்று நடுங்கி அழுகிறார்கள். பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி) என்று சொல்லும் நிலையில் காண்பவை, வளராமல் நின்றுபோன அதே முட்டைப் பைகள். வெட்டி எடுக்க வேண்டிய கட்டிகள் அல்ல. மாதவிலக்குச் சீரையும் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவு சொல்வார். ரத்தம் நிறைந்த கட்டி, பெரிய கட்டி போன்றவை வேறு. அவற்றைத் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கருக்குழாய் அடைப்பைச் சாதாரண ஸ்கேன் காட்டாது. அதற்கு மருந்து செலுத்தி எடுக்கும் வேறு பரிசோதனை உண்டு.

கணவருக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது. மனைவி பத்து முறை ஸ்கேன் படுக்கையில் ஏறி இறங்கிய பிறகும் ஒரு முறை விந்துப் பரிசோதனைக்கு வராத கணவர்கள் இருக்கிறார்கள். இது பெரிய அநியாயம். ஊசி இல்லை, கத்தி இல்லை. 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட்டு, மாதிரி கொடுத்தால் போதும். அடுத்த ஸ்கேனுக்குத் துணையாக வரும் அன்றே அவருக்கும் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.