சர்க்கரை மீட்டர் மார்க் போடுவதில்லை

அனைவருக்கும் வணக்கம்.

உங்களில் பலருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. அதற்குள் ஆளாளுக்கு அறிவுரை சொல்லி முடித்திருப்பார்கள். இதைத் தொடாதே, அதைச் சாப்பிடு, விடிகாலையில் ஓடு, இரவில் பட்டினி கிட. பயத்தில் மனிதர் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குவார். கொஞ்ச நாளில் சலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டுவிடுவார். அதனால் நான் இன்று உணவுப் பட்டியல் எதுவும் வாசிக்கப் போவதில்லை. உங்கள் வீட்டு மேசையில் இருக்கிற அந்தச் சின்ன மீட்டரைப் பற்றிப் பேசலாம்.

முதலில் குத்துகிற விதம். விரல் நுனியின் நடுச்சதையில் குத்தாதீர்கள், அங்கேதான் வலி அதிகம். பக்கவாட்டில் குத்துங்கள், தடவைக்கு ஒரு விரலாக மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட வேண்டும். பழம் உரித்த கையோடு குத்தினால், விரலில் ஒட்டியிருக்கிற சாறும் ரத்தத்தோடு கணக்கில் சேர்ந்துவிடும். மீட்டர் 250 என்று காட்டும், வீடே கலங்கிப்போகும். கை கழுவிவிட்டு மறுபடி பார்த்தால் 140 இருக்கும்! இன்னொன்று, தரமான மீட்டரே 15 சதவீதம் வரை முன்பின் காட்டலாம். நேற்று 142, இன்று 151 என்றால் அதை ஏற்றம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, எப்போது பார்ப்பது? உங்கள் டாக்டர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தால் அதன்படியே பாருங்கள். இல்லையென்றால், சில நாட்களுக்கு ஜோடியாகப் பாருங்கள். சாப்பிட உட்காரும் முன் ஒரு தடவை, முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை. முன்னால் 120, பின்னால் 210 என்றால், அந்தச் சாப்பாடு 90 ஏற்றியிருக்கிறது. மறுநாள் அதே சாப்பாடு, மாவுச்சத்து மட்டும் பாதி. அடுத்த நாள் பழைய அளவே சாப்பிட்டுவிட்டு, எழுந்ததும் 15 நிமிட நடை. இரண்டையும் ஒரே நாளில் செய்தால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். நடந்தால் ஏன் குறைகிறது என்றால், உழைக்கிற தசை இன்சுலினுக்குக் காத்திராமலே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. இன்சுலினோ, சர்க்கரையை அதிகம் இறக்கிவிடக்கூடிய சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைப் பாதியாக்க வேண்டாம், சர்க்கரை கீழே இறங்கிவிடும்.

"ராத்திரி ஒன்றுமே சாப்பிடவில்லை, காலையில் ஏன் ஏறியிருக்கிறது?" இது எல்லோரும் கேட்கிற கேள்வி. விடியும் நேரத்தில் உடம்பு எழுந்திருக்கத் தயாராகும்போது கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரக்கும், கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை எடுத்து ரத்தத்தில் விடும். நீங்கள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. தொடர்ந்து அப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தைச் சரிசெய்வார்.

டாக்டரைப் பார்க்கப் போகும் முன் இரண்டு நாள் கடும் பத்தியம் இருந்து, நல்ல எண்ணாகப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு போகிற ஆட்களும் உண்டு. ஹெச்பிஏ1சி என்ற சோதனையிடம் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. ரத்தச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அதில் ஒட்டிய சர்க்கரையை அளப்பதால், இரண்டு மூன்று மாதத்துக் கதை மொத்தமும் வெளியே வந்துவிடும். அது 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்ததால்தான் உங்களில் பலருக்கு நோய் என்றே சொன்னார்கள். ஏறின எண்ணையும் எழுதுங்கள் அய்யா, டாக்டருக்கு வேண்டியதே அதுதான்.

கண்ணைப் பற்றி ஒன்று. சிகிச்சை தொடங்கிய புதிதில் பார்வை மங்கலாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீர் கூடிக் குறைவதுதான் காரணம். அவசரப்பட்டுப் புதுக் கண்ணாடி போட வேண்டாம், சர்க்கரை நிலைப்படச் சில வாரம் ஆகும். ஆனால் விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டாம் வகை நோய், தெரியவருவதற்குச் சில வருடம் முன்பே உள்ளே இருந்திருக்கக்கூடும்.

உடனே செயல்பட வேண்டிய எண் ஒன்று உண்டு. 70-க்குக் கீழ். வியர்க்கும், கை நடுங்கும், படபடப்பு வரும். 15 கிராம் குளுக்கோஸோ சர்க்கரையோ உடனே சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. சாக்லேட் வேண்டாம், அதிலிருக்கிற கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு இப்படி இறங்குவது அபூர்வம், இன்சுலினோ வேறு சில மாத்திரைகளோ எடுப்பவர்கள்தான் எப்போதும் குளுக்கோஸ் வைத்திருக்க வேண்டும்.

கூட வந்திருக்கிற குடும்பத்தாரே, அவர் குத்தி முடிக்கும் முன்பே "எவ்வளவு?" என்று வந்து நிற்காதீர்கள். பரீட்சை முடிவு கேட்பது மாதிரி கேட்டால், நாலு நாளில் அவர் ஒளித்துக்கொண்டு பார்ப்பார், அப்புறம் பார்ப்பதையே நிறுத்திவிடுவார். அதைவிட, சாப்பிட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு தெருவரை நடந்துவிட்டு வாருங்கள்.

இனி உங்கள் கேள்விகள். நோட்டு கொண்டுவந்தவர்கள் முதலில் வரலாம்.