"இலவசம்" என்று எழுதினால் போதாது: ஃபெடோராவின் லைசென்ஸ் வரியும் ஒரு தமிழ் எழுத்துருவும்

வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுனில் மத்தியானத்திலிருந்து மழை. தகரக் கூரையில் விழுகிற சத்தம் மைக்கில் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஃபெடோரா என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பேக்கேஜிங் விதிகளில், அதாவது மென்பொருளைப் பொதியாகக் கட்டி அதில் சேர்க்கும் விதிகளில், வந்திருக்கும் மாற்றங்களைப் பற்றிப் பேசச் சொல்லி நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். பேசுகிறேன். ஆனால் பெரும்பாலும் ஒரே ஒரு வரியைப் பற்றித்தான். ஒரு பேக்கேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதி வைக்கும் ஸ்பெக் கோப்பில் 'லைசென்ஸ்', அதாவது உரிமம், என்று ஒரு வரி இருக்கிறதே, அது.

ஏன் அந்த வரி என்றால், அதற்குப் பின்னால் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. பாலம் தாண்டிப் பிறைப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. அங்கே பன்னிரண்டு பழைய மடிக்கணினிகளில் ஃபெடோரா போட்டுக் கொடுத்தேன். பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகையில் தட்டிப் பழகிவிட்டார்கள். எல்லாம் சரி என்று நினைத்துக் கிளம்பும்போது டீச்சர் கூப்பிட்டார்: "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா நம்ம பயிற்சித்தாள் எழுத்து மட்டும் வேற மாதிரி வருதே?"

அந்தப் பயிற்சித்தாள்கள் ஒரு குறிப்பிட்ட எழுத்துருவில் செய்தவை. சுங்கை பட்டாணியில் இருக்கும் என் நண்பர் ஒருவர் சின்னப் பிள்ளைகளுக்காகவே வரைந்த எழுத்துரு. ணகரத்துக்கும் னகரத்துக்கும் சுழி தெளிவாகத் தெரியும், கொம்பு எழுத்தோடு ஒட்டாமல் நிற்கும். அதை ஒவ்வொரு கணினியிலும் கையால் நகல் எடுத்துப் போட்டிருக்கலாம். ஆனால் நாளைக்கு ஒரு கணினியைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுவினால் எழுத்துரு போய்விடும். டீச்சர் மறுபடி என்னைத்தான் தேட வேண்டும். ஃபெடோராவின் களஞ்சியத்திலேயே அது ஒரு பேக்கேஜாக இருந்தால், ஒரு கட்டளையில் முடிந்துவிடும். யார் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம்.

சரி என்று உட்கார்ந்தேன். எழுத்துருப் பேக்கேஜ் பெரிய வேலை இல்லை. அரை மணி நேரத்தில் ஸ்பெக் கோப்பு முக்கால்வாசி முடிந்தது. லைசென்ஸ் வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. நண்பரின் வலைப்பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: "இலவசம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்."

நல்ல மனசோடு எழுதியதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதை வைத்து ஃபெடோரா மாதிரி ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோ எதுவும் செய்ய முடியாது. ஒரு படைப்பைச் செய்த நிமிடமே பதிப்புரிமை வந்துவிடுகிறது. நம் மலேசியாவிலும் அப்படித்தான், எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை. அப்படியானால், வெளிப்படையாகக் கொடுக்காத உரிமை எல்லாம் படைத்தவரிடமே இருக்கிறது. "பயன்படுத்தலாம்" என்றார். நகலெடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்று சொன்னாரா? திருத்தலாம், திருத்தியதைப் பரப்பலாம் என்று சொன்னாரா? ஃபெடோரா செய்வதோ முழுக்க அதுதான்: உலகம் முழுக்க இருக்கும் மிரர் சர்வர்களில் நகலெடுத்து வைக்கிறது, தேவைப்பட்டால் ஒட்டுப்போட்டுத் திருத்துகிறது. காசு வாங்காமல் கொடுப்பது வேறு, உரிமையைக் கொடுப்பது வேறு. தமிழில் 'இலவசம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் திணித்துவிடுகிறோம்.

இப்போது விதி மாற்றத்துக்கு வருகிறேன். முன்பு ஃபெடோராவில் உரிமங்களுக்கு அவர்களே வைத்துக்கொண்ட சுருக்கப் பெயர்கள் இருந்தன. ஜிபிஎல்வி2 பிளஸ், ஏஎஸ்எல் 2.0, பிஎஸ்டி, எம்ஐடி, ஓஎஃப்எல் என்று. 2022 ஜூலையிலிருந்து அவற்றை விட்டுவிட்டு எஸ்பிடிஎக்ஸ் அடையாளங்களுக்கு, அதாவது உரிமங்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் தரப் பெயர்களுக்கு, மாறினார்கள். ஜிபிஎல்வி2 பிளஸ் என்பது 'ஜிபிஎல்-2.0-ஆர்-லேட்டர்' ஆகிறது. ஏஎஸ்எல் என்பது 'அப்பாச்சி-2.0'. ஓஎஃப்எல் என்பது 'ஓஎஃப்எல்-1.1'. இரண்டு உரிமங்களுக்கு நடுவில் 'அண்ட்', 'ஆர்' போட்டால் பெரிய எழுத்தில் போட வேண்டும்.

பார்த்தால் பெயர் மாற்றம் மாதிரித்தான் தெரியும். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், தேடி மாற்று என்று கொடுத்தால் முடிந்தது என்று. எம்ஐடி விஷயத்தில்தான் புரிந்தது. பழைய முறையில் எம்ஐடி என்பது ஒரு குடைச்சொல். கிட்டத்தட்ட ஒரே கருத்துடைய, வாசகம் மட்டும் வேறுபடும் பல உரிமங்களுக்கு அந்த ஒரே பெயர். எஸ்பிடிஎக்ஸில் எம்ஐடி என்றால் குறிப்பிட்ட ஒரே ஒரு வாசகம்தான். மற்றவற்றுக்குத் தனித்தனி அடையாளம். அதனால் பழைய ஸ்பெக்கில் எம்ஐடி என்று இருப்பது புதிய முறையிலும் எம்ஐடியாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எழுத்துக்கூட்டு அதேதான், பொருள்தான் சுருங்கிவிட்டது. உரிமக் கோப்பைத் திறந்து வரி வரியாகப் படிக்காமல் தெரியாது. பிஎஸ்டியும் அப்படித்தான், இரண்டு நிபந்தனையா மூன்று நிபந்தனையா என்று எண்ணிப் பார்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த மாற்றம். முன்பெல்லாம் ஒரு பேக்கேஜுக்குள் இரண்டு மூன்று உரிமங்கள் கலந்திருந்தால், "கடைசியில் எது செல்லும்" என்று பேக்கேஜரே கணக்குப் போட்டு ஒன்றை மட்டும் எழுதிவிடுவார். ஜிபிஎல்லும் எம்ஐடியும் கலந்தால் ஜிபிஎல் என்று. இப்போது அந்தக் கணக்கு கூடாது. பைனரி பேக்கேஜுக்குள், அதாவது பயனர் நிறுவும் பொதிக்குள், போகும் கோப்புகளில் என்னென்ன உரிமம் இருக்கிறதோ அத்தனையையும் எழுத வேண்டும். வேலை கூடுகிறது, உண்மைதான். ஆனால் சின்ன ஒரு கோப்பை எழுதிக் கொடுத்தவரின் உரிமமும் அந்த வரியில் நிற்கிறது. அவரைச் சட்டம் விழுங்கிவிட்டது என்று நாம் தீர்ப்புச் சொல்வதில்லை. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

எழுத்துருவுக்குத் திரும்புகிறேன். நண்பருக்குப் போன் போட்டேன். "அண்ணே, இப்படி ஒரு சிக்கல்" என்றதும் அவர், "எந்த உரிமம் வேணுமோ நீயே போட்டுக்கோப்பா" என்றார். அன்பான வார்த்தைதான், ஆனால் அப்படிச் செய்ய எனக்கு அதிகாரம் கிடையாது. எழுத்துருவைப் படைத்தவர்தான் உரிமத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டு இரவு இருவரும் உட்கார்ந்து பேசினோம். எழுத்துருவுக்கென்றே எழுதிய உரிமம் எஸ்ஐஎல் ஓபன் ஃபான்ட் லைசென்ஸ், அதன் 1.1 பதிப்பு 2007-இல் வந்தது. ஃபெடோராவில் இருக்கும் லோஹித் தமிழ் எழுத்துருகூட முதலில் ஜிபிஎல்லில் இருந்து, 2011-இல் இதற்குத்தான் மாறியது. இந்த உரிமத்தில் எழுத்துருவை மட்டும் தனியாக விற்க முடியாது, திருத்தினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும், ஆவணத்தில் பதித்தால் ஆவணத்துக்கு அந்த நிபந்தனை ஒட்டாது. பயிற்சித்தாள் அச்சடிக்கிற டீச்சருக்கு இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்.

இதில் பெயர் ஒதுக்கீடு என்று ஒரு வசதி இருக்கிறது. எழுத்துருவின் பெயரைப் படைத்தவர் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளலாம். அப்போது யாராவது திருத்தினால் வேறு பெயரில்தான் வெளியிட வேண்டும். எஸ்பிடிஎக்ஸில் ஒதுக்கீடு உள்ளதற்கும் இல்லாததற்கும் தனித்தனி அடையாளமே உண்டு. நண்பர் முதலில் ஒதுக்கத்தான் நினைத்தார், மூன்று வருடம் உழைத்த பெயர் ஆயிற்றே. ஆனால் வலைப்பக்கத்துக்காக எழுத்துருவை வெட்டிச் சுருக்குவதுகூடத் திருத்தமாகிவிடும் என்று யோசித்துக் கடைசியில் விட்டுக்கொடுத்தார். அந்த இடத்தில் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை.

அப்புறம் எழுத்துருக் கோப்பையே திறந்து பார்த்தோம். கோப்புக்குள்ளேயே பெயர் அட்டவணை இருக்கிறது, அதில் 0-வது இடம் பதிப்புரிமை, 13 உரிம விளக்கம், 14 உரிமத்தின் முகவரி. நண்பருடையதில் 13-வது இடத்தில் "எல்லா உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை" என்று இருந்தது! பழைய வார்ப்பு ஒன்றிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது. வலைப்பக்கத்தில் இலவசம், கோப்புக்குள்ளே எல்லாம் தடை. ஆவணத்தில் பதித்தலைக் கட்டுப்படுத்தும் எண்ணும் தவறாக இருந்தது; அதைப் பூஜ்யமாக்கினோம். உங்களிடம் தமிழ் எழுத்துரு இருந்தால் இந்த மூன்று இடத்தையும் இன்றைக்கே பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. "எல்லாத்தையும் விட்டுக்கொடுத்துடுறேன், சிசி ஜீரோ போட்டுடுறேன்" என்று சிலர் சொல்கிறீர்கள். படத்துக்கும் தரவுக்கும் சரி. நிரலுக்கு அதே 2022-இல் ஃபெடோரா கதவைச் சாத்திவிட்டது. பதிப்புரிமையைத்தான் அது விட்டுக்கொடுக்கிறது. காப்புரிமை, அதாவது பேட்டன்ட், எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்று அந்த வாசகமே சொல்கிறது. நிரல் என்றால் எம்ஐடியோ அப்பாச்சியோ போடுங்கள்.

மற்ற மாற்றங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் வந்த ஃபெடோரா 42-இல் நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் 'எஸ்பின்' கோப்புறை 'பின்' கோப்புறையோடு சேர்ந்துவிட்டது, ஸ்பெக்கில் பாதையை நேரடியாக எழுதி வைத்தவர்கள் பாருங்கள். அதே பதிப்பிலிருந்து, சேவைகளுக்கான பயனர் கணக்கை ஸ்கிரிப்ட் எழுதி உருவாக்க வேண்டாம், சிஸ்யூசர்ஸ் கோப்பு வைத்தால் பேக்கேஜை நிறுவும் கருவியான ஆர்பிஎம் பார்த்துக்கொள்ளும். பைதான் பேக்கேஜ்களுக்குப் பழைய செட்டப்.பை மேக்ரோக்கள் வேண்டாம், பைபுராஜெக்ட் மேக்ரோக்கள்தான். வெளியீட்டு எண்ணையும் மாற்றக் குறிப்பையும் ஆட்டோரிலீஸ், ஆட்டோசேஞ்ச்லாக் இரண்டும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் 'கிட்' கருவியின் வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். இன்னொரு லினக்ஸான டெபியன் ஆட்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் காப்பிரைட் கோப்பில் எம்ஐடியை 'எக்ஸ்பேட்' என்றுதான் எழுதுவீர்கள். அங்கிருந்து நகலெடுத்து ஃபெடோராவில் ஒட்டாதீர்கள்.

முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் 1985-இல் பிறந்தது இந்த நாட்டில்தான். 2001-இல் தமிழ் இணைய மாநாடு நடந்தது கோலாலம்பூரில். நம்மவர்கள் செய்த எழுத்துருக்கள் எத்தனையோ பழைய பக்கங்களில் 'இலவசம்' என்ற ஒற்றைச் சொல்லோடு கிடக்கின்றன. செய்தவர் இருக்கும்போதே கேட்டு உரிமம் வாங்கி வையுங்கள். அவர் போன பிறகு பிள்ளைகளிடம் கேட்டால், அவர்களுக்கு எதைக் கேட்கிறோம் என்றே புரியாது. அந்த எழுத்துருவை யாரும் திருத்தவோ விநியோகிக்கவோ முடியாமல் போகும். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு கலங்குகிறது.

நண்பர் உரிமக் கோப்பைச் சேர்த்துப் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டார். ஸ்பெக்கில் லைசென்ஸ் வரியை எழுதி, உரிமக் கோப்பையும் பேக்கேஜுக்குள் சேர்த்து, நேற்று இரவு ரிவியூவுக்குப் போட்டேன். இன்னொரு பேக்கேஜர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போகும். அதுவரை, யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் கட்டி வைக்கக்கூடிய ஃபெடோராவின் 'காப்பர்' தளத்தில் அது இருக்கிறது. திங்கட்கிழமை காலை பிறைக்குப் போய் அந்தப் பன்னிரண்டு கணினியிலும் போடுகிறேன். டீச்சரிடம் சொல்லிவிட்டேன், முதல் பயிற்சித்தாளை அங்கேயே திறந்து பார்க்கலாம் என்றார்.