யாரை உருவினால் அடுக்கு சரியும்?

நண்பர்களே, வணக்கம்.

ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசையைக் கேட்கிறவர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் இந்தச் சண்டை வந்துவிடும்: மெட்டலில் அதிகத் தாக்கம் ஏற்படுத்திய பேண்ட் எது? ஒருவர் மெட்டாலிகா என்பார். இன்னொருவர் அயர்ன் மெய்டன் என்று மேசையைத் தட்டுவார். மூலையில் இருக்கிறவர் யாருமே கேள்விப்படாத ஒரு பெயரைச் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பார். நானும் இருபது வயதில் மெட்டாலிகா கட்சிதான். தொண்டை கட்டும்வரை வாதாடியிருக்கிறேன். இப்போது யோசித்தால், எனக்குப் பிடித்த பேண்ட் எது என்பதைத்தான் அன்று சுற்றிவளைத்துச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதனால் இன்று ஒரு சோதனை வைத்துக்கொள்வோம். ஒரு பேண்டை வரலாற்றிலிருந்து உருவி எடுத்துவிடுவோம். அதன் மேல் அடுக்கியிருப்பதெல்லாம் நிற்கிறதா, சரிகிறதா என்று பார்ப்போம். எத்தனை ஆல்பம் விற்றது, எத்தனை அரங்கம் நிரம்பியது என்ற கணக்கு இதற்கு வேண்டாம்.

முதலில் பிளாக் சாபத். இங்கே கொஞ்ச நேரம் நின்றுதான் போக வேண்டும்.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம். பின்னாளில் சாபத்தின் கிட்டார் கலைஞரான டோனி அயோமிக்கு அப்போது 17 வயது. தகட்டுத் தொழிற்சாலையில் அன்றுதான் அவருக்குக் கடைசி வேலை நாள். மறுநாளிலிருந்து கிட்டாரே பிழைப்பு என்று முடிவாகிவிட்டது. அன்று பார்த்து எந்திரம் இறங்கி, வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் நுனி இழந்தன. அவர் இடக்கைக்காரர். ஆகவே கம்பியை அழுத்தும் கை அந்த வலது கைதான். மனம் உடைந்து கிடந்தவரிடம் தொழிற்சாலை மேலாளர் ஒரு இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட்; தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்துப் பெரிய ஆளான ஜாஸ் கலைஞர்.

அயோமி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். தடித்த கம்பி வலித்தது, மெல்லிய கம்பிக்கு மாறினார். 1971இல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் சில பாடல்களுக்குக் கிட்டாரை மூன்று அரைச்சுரம் கீழே இறக்கினார். கம்பி தளர்ந்ததில் விரலுக்கு இதம். ஒலியோ தரைக்கு அடியிலிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. இன்று மெட்டலின் கிளைகளுக்கு டூம், ஸ்டோனர், ஸ்லட்ஜ் என்று எத்தனையோ பெயர் சொல்கிறோமே, கம்பியைத் தளர்த்தி வாசிக்கும் அத்தனை பேரும் அந்தத் தொழிற்சாலையில் போன இரண்டு விரல் நுனிக்குக் கடன்பட்டவர்கள்.

முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. அதன் முதல் பாட்டின் ரிஃப்பில், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கில், மூன்றே அடி: ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம். நம் காதுக்குப் பிரதி மத்யமம் புதிதில்லை, கல்யாணியில் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது! ஆனால் பஞ்சமத்துக்குப் போகவிடாமல் அங்கேயே பிடித்து நிறுத்தி, ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனை ஏற்றி, மெதுவாக ஆட்டினால் அது வேறு ஜந்து. அதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான் மிச்ச வரலாறு முழுவதும்.

உடனே ஒரு கேள்வி வரும். லெட் செப்பலின் எங்கே, டீப் பர்ப்பிள் எங்கே? நியாயமான கேள்விதான். செப்பலினை உருவினால் ராக் இசை மொத்தமும் சுருங்கும்; மெட்டல் கொஞ்சம் தள்ளாடி நின்றுகொள்ளும். டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோர் கிட்டாருக்குள் மேற்கத்தியச் செவ்வியல் வளைவுகளைக் கொண்டுவந்தார். அவரை உருவினால் அதே வழியில் வந்த கிட்டார் கலைஞர் இங்வே மால்ம்ஸ்டீன் இல்லை, பவர் மெட்டல் என்ற கிளையில் பாதி இல்லை. ஒரு பக்கச் சுவர் விழும், அஸ்திவாரம் அப்படியே இருக்கும்.

என் பட்டியலில் இரண்டாவது பெயர் ஜூடாஸ் பிரீஸ்ட். இவர்களுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்பது என் பழைய மனக்குறை. சாபத்தில் கறுப்பின அமெரிக்கர்களின் ப்ளூஸ் இசை வாசனை இருந்தது. பிரீஸ்ட் அதைக் கழுவித் துடைத்துவிட்டு வேகம், கூர்மை, இரண்டு லீட் கிட்டார், உச்சத்தில் ராப் ஹால்ஃபோர்டின் குரல் என்று ஆக்கினார்கள். 1978இன் ஸ்டெயின்டு கிளாஸ், 1980இன் பிரிட்டிஷ் ஸ்டீல் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மெட்டல் தனிக் குடித்தனம் போன கதை அதில் இருக்கிறது. கறுப்புத் தோல் உடை, ஆணி பதித்த பட்டை என்ற கோலத்தை மேடைக்குக் கொண்டுவந்ததும் ஹால்ஃபோர்ட்தான். அதைப் போட்டுக்கொண்டு எத்தனை பேர் ஆண்மை முறுக்கு காட்டினார்கள்! 1998இல் ஹால்ஃபோர்ட் தான் ஒருபாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னார். முறுக்கிய மீசைகள் என்ன யோசித்தனவோ தெரியாது. ஆனால் உடையை யாரும் கழற்றவில்லை.

அயர்ன் மெய்டன்? இரண்டு கிட்டார்கள் கைகோத்துப் பாடும் அந்த மெட்டை தின் லிஸ்ஸியும் விஷ்போன் ஆஷும் முன்பே செய்திருந்தார்கள். அதை மெட்டலின் பொதுச் சொத்தாக்கியது மெய்டன். அவர்களை எடுத்துவிட்டால் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து மெட்டல் பேண்டுகள் தடுமாறும். இவ்வளவு போதும், மெய்டன் ரசிகர்கள் வாசலில் காத்திருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

சரி, என் பழைய கட்சிக்கு வருகிறேன். மெட்டாலிகாவை உருவினால் த்ராஷ் என்ற அதிவேக மெட்டல் பிறந்திருக்காதா? பிறந்திருக்கும். சான்ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் எக்ஸோடஸ் என்ற பேண்ட் ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்தது. 1983இல் மெட்டாலிகாவுக்கு வந்த கிட்டார் கலைஞர் கர்க் ஹாமெட் அங்கிருந்து வந்தவர்தான். ஸ்லேயர் இருந்தது, ஆந்த்ராக்ஸ் இருந்தது. கூட்டம்தான் இவ்வளவு பெருத்திருக்காது. மெட்டாலிகாவின் 1991 ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. ஆனால் விற்பனை வேண்டாம் என்று சொல்லித்தானே தொடங்கினோம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. மெட்டாலிகாவின் தாக்கம் பின்னோக்கியும் ஓடியது. அதன் ட்ரம்மர் லார்ஸ் உல்ரிக் 1981இல் டயமண்ட் ஹெட் என்ற பேண்டைக் கேட்பதற்காகவே இங்கிலாந்துக்குப் போன ஆள். பிறகு அவர்கள் பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக மெட்டாலிகாவே வாசித்துப் பதிவு செய்தது. டயமண்ட் ஹெட் பெயர் இன்று நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். பேரன் பணம் போட்டுத் தாத்தாவுக்குச் சிலை வைத்த மாதிரி. இந்த வகைத் தாக்கத்தை எந்தத் தராசில் நிறுப்பது? என் சோதனை இங்கே கொஞ்சம் நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது இடத்துக்கு நான் சொல்லப்போகும் பெயர் பலருக்குச் சிரிப்பு வரவழைக்கும். வெனம். நியூகாசிலைச் சேர்ந்த மூன்று பேர். வாசிப்பு சுமார், பதிவு அதைவிடச் சுமார், ட்ரம்ஸ் ஒரு பக்கம் ஓட கிட்டார் ஒரு பக்கம் ஓடும். 1982இல் வந்த அவர்களுடைய இரண்டாவது ஆல்பத்தின் பெயர் பிளாக் மெட்டல். ஒரு முழு வகைக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நார்வேயின் மேஹெம் பேண்ட் தன் பெயரையே வெனம் பாட்டொன்றிலிருந்து எடுத்துக்கொண்டது. 1984இல் மெட்டாலிகா ஐரோப்பாவில் முதல் சுற்றுப்பயணம் போனபோது முதன்மை பேண்ட் வெனம்தான்.

நன்றாக வாசிக்கிறவனைக் கேட்டால் கைதட்டத் தோன்றும். வெனத்தைக் கேட்டால், இது நம்மாலும் முடியுமே என்று தோன்றும். அப்படித் தோன்றிய பையன்கள் கிட்டார் வாங்கினார்கள்.

மோட்டார்ஹெட் என்று அங்கே ஒருவர் வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். ஆமாம், வெனமே மோட்டார்ஹெட்டின் பிள்ளைதான். 1979இல் ஓவர்கில் பாட்டில் இரண்டு பேஸ் ட்ரம்மும் விடாமல் உருண்டதே, அந்த உருட்டல் இல்லாமல் த்ராஷ் ஏது? ஆனால் மோட்டார்ஹெட்டின் பாடகர் லெம்மி கடைசிவரை, நாங்கள் வாசிப்பது ராக் அண்ட் ரோல் என்றுதான் மேடைக்கு மேடை சொன்னார். மெட்டல் வேண்டாம் என்றவரைப் பிடித்து மெட்டல் பட்டியலில் உட்காரவைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால் சொல்லுங்கள். மைக்கை அவரிடம் கொடுங்கள்.