புழுவெட்டுக்கு எந்த மருத்துவரிடம் போவது?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சேர்வராயன் மலையில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் நான் தமிழாசிரியையாகப் பணிபுரிகிறேன். நான் மருத்துவர் அல்லேன். என் மகளின் தலையில் முடி வட்டமாகக் கொட்டியபோது, அதற்குரிய மருத்துவரிடம் போய்ச் சேர ஐந்து மாதங்களை வீணாக்கிய ஒரு தாய். அந்த ஐந்து மாதங்கள் இன்னொரு வீட்டிலும் வீணாகக் கூடாது என்பதற்காகவே நிலையத்தாரின் அழைப்பை ஏற்று இங்கே வந்திருக்கிறேன்.

அவள் அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை இரட்டைச் சடை பின்னுவதற்காக வகிடு எடுத்தபோது, வலது காதுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் இடத்தில் சீப்பு வழுக்கிக்கொண்டு போயிற்று. விரலால் தடவிப் பார்த்தேன். செதில் இல்லை, புண் இல்லை. அரிப்பும் இல்லை என்றாள். கைக்குழந்தையின் உள்ளங்கால் போல அந்த இடம் மழமழவென்று இருந்தது. "ஏம்மா நிறுத்திட்ட?" என்று அவள் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்துச் சடையைச் சற்று இறக்கிப் பின்னி மறைத்து அனுப்பினேன்.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்ததும் "புழுவெட்டு" என்றார். நம் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் பெயர் அதுதான். பெயரே நம்மைத் தவறான வழியில் இழுத்துக்கொண்டு போகிறது. புழு வெட்டுகிறது என்று நினைத்துவிட்டால், அந்தப் புழுவைக் கொல்லக் காரமாக எதையாவது தேய்க்கத்தானே தோன்றும்? முதலில் சின்ன வெங்காயத்தைத் தேய்த்தோம். பிறகு பூண்டையும் மிளகையும் அரைத்துப் பூசினோம். மூன்றாம் நாள் அந்த இடம் கொப்புளித்து நீர் வடிந்தது. குழந்தை இரவெல்லாம் தலையைத் தலையணையில் வைக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அதைச் செய்தவள் நான் என்பதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

புழு எதுவும் இல்லை. மருத்துவர்கள் இதை அலோபீசியா ஏரியேட்டா என்கிறார்கள். நோய்க்கிருமிகளை எதிர்த்து நம்மைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்களே, வளர்ந்துகொண்டிருக்கும் மயிர்க்கால்களை அந்நியம் என்று எண்ணித் தாக்குவதால் வருகிற நோய் இது. வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் 100 பேரில் ஏறத்தாழ 2 பேருக்கு இது வருகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றாது. ஒரே சீப்பைப் பயன்படுத்தினாலும் தொற்றாது. இந்தத் தாக்குதலில் மயிர்க்கால் அழிந்துபோவதில்லை, அடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் பல மாதங்கள் கழித்தும் முடி திரும்ப முளைக்கிற வாய்ப்பு இருக்கிறது.

இவை எதுவும் தெரியாத நிலையில், கொப்புளம் ஆறிய பிறகு, சேலத்தில் முடி வளர்ச்சிக்கென்றே விளம்பரம் செய்திருந்த ஓரிடத்துக்கு மகளை அழைத்துச் சென்றேன். அங்கே வெள்ளை அங்கி அணிந்திருந்த ஒருவர், சடையை அவிழ்க்கக்கூடச் சொல்லாமல், வேர் பலவீனம் என்று கூறி, ஆறு மாதத்துக்கான சீரமும் மாத்திரைகளும் அடங்கிய ஒரு திட்டத்தை எழுதிப் பாதித் தொகையை முன்பணமாகப் பெற்றுக்கொண்டார். அவர் என்ன படித்தவர் என்று கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மூன்று மாதத்தில் ஒரு வட்டம் நான்காயிற்று.

படிப்பைக் கேட்பதில் கூச்சப்பட வேண்டியதே இல்லை என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். எம்.பி.பி.எஸ். முடித்து, தோல், பால்வினை நோய், தொழுநோய் ஆகிய மூன்றும் சேர்ந்த துறையில் எம்.டி., டி.என்.பி. அல்லது பட்டயம் பெற்றவர்களே தோல் மருத்துவர்கள். பெயர்ப்பலகையில் டி.வி.எல். என்றோ டி.டி.வி.எல். என்றோ இருப்பது அந்தத் துறையைக் குறிக்கும். பால்வினை நோய் என்ற சொல்லைப் பலகையில் கண்டு, பெண் பிள்ளையை எப்படி உள்ளே அழைத்துப் போவது என்று தயங்கித் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். படிப்பின் பெயர் அப்படி அமைந்திருக்கிறது, அவ்வளவுதான். தலைமுடி நிபுணர் என்று பொருள்படும் ட்ரைகாலஜிஸ்ட் என்ற சொல் மட்டும் எழுதியிருந்தால், அவர் முதலில் பதிவு பெற்ற மருத்துவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்க வேண்டும்.

பட்டம் இருந்தால் மட்டும் போதாது, பார்க்கிற விதமும் முக்கியம். கடைசியில் எங்களுக்கு வாய்த்த மருத்துவர் மகளை வெளிச்சத்தில் உட்காரவைத்து, தலை முழுவதையும் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார். டெர்மாஸ்கோப் என்ற, விளக்குப் பொருத்திய சிறு உருப்பெருக்கியை வட்டத்தின் ஓரத்தில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். நுனியில் தடித்தும் அடியில் மெலிந்தும் குட்டையான சில முடிகள் நின்றன. அவற்றுக்கு வியப்புக்குறி முடி என்று பெயர் என்றார். வகுப்பறையில் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிக் காட்டிய அந்தக் குறியை என் மகளின் தலையில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. பிறகு கை நகங்களைப் பார்த்தார்; குண்டூசி முனையால் குத்தியது போன்ற சிறு குழிகள் இரண்டு விரல்களில் இருந்தன. அவற்றை நான் கவனித்ததே இல்லை. குடும்பத்தில் தைராய்டு, வெண்புள்ளி, ஆஸ்துமா யாருக்காவது உண்டா என்று கேட்டார். எல்லாம் முடிந்ததும் நோயின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, "முளைக்க வாய்ப்பு நல்லாவே இருக்குங்க, ஆனா சத்தியம் பண்ணித் தர முடியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் அவர்மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

இவ்வளவு கூர்ந்து பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தைகளின் தலையில் வரும் படர்தாமரையும் திட்டுத்திட்டாக முடியைக் கொட்டச் செய்யும். அதற்குப் பூஞ்சையைக் கொல்லும் மாத்திரை வேண்டும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு களிம்பு பூசினால் அது இன்னும் பரவும். வேறு சில நோய்கள் மயிர்க்காலையே தழும்பாக்கி நிரந்தரமாக அழித்துவிடும். வழுக்கை விழுந்த இடம் சிவந்தோ, செதிலுதிர்ந்தோ, வலித்தோ, முடித் துவாரமே தெரியாமல் மின்னினாலோ ஒரு வாரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

புழுவெட்டு ஓரிரு வட்டங்களாக இருக்கும்போது பலருக்கு ஓராண்டுக்குள் தானாகவே முளைத்துவிடுகிறது. மருந்து தேவைப்பட்டால், ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டை மெல்லிய ஊசியால் அந்த இடத்திலேயே சிறு சிறு துளிகளாக, 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை செலுத்துவார்கள். பூசும் களிம்பும், முடி வளரத் தூண்டும் மினாக்சிடில் என்ற மருந்தும் துணையாகத் தரப்படலாம். தலையில் பாதிக்கு மேல் கொட்டிவிட்டவர்களுக்கு முன்பு பெரிதாக வழியில்லாமல் இருந்தது. 2022-இல் பாரிசிட்டினிப் மாத்திரைக்குப் பெரியவர்களுக்கும், 2023-இல் ரிட்லெசிட்டினிப் மாத்திரைக்கு 12 வயது முதலானவர்களுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி அளித்தது. இவை நோய் எதிர்ப்பாற்றலை அடக்குகிற மருந்துகள்; காசநோய் உள்ளதா என்றும் இரத்தத்தையும் சோதித்த பிறகே தொடங்க வேண்டியவை; நிறுத்தினால் முடி மீண்டும் கொட்டக்கூடும். யாரோ சொன்னார்கள் என்று மருந்துக்கடையில் நேரே கேட்டு வாங்குவதற்கு உரியவை அல்ல.

மலையில் வாழ்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஊசி தேவைப்பட்டால் மாதாமாதம் வர வேண்டிய நோய் இது. தொலைதூர நகரத்தில் உள்ள பெயர்பெற்ற மருத்துவரிடம் ஒருமுறை போய்விட்டு அடுத்த முறை போக முடியாமல் விடுவதைக் காட்டிலும், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால் சேலத்தில் பார்க்கக்கூடிய ஒருவரிடமே விடாமல் போவது மேல். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலை முதல் பேருந்திலேயே மலையிறங்கிவிட்டால் புறநோயாளி சீட்டு வாங்க வசதியாக இருக்கும். போகிற நாளில் தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், மொட்டையும் அடிக்காதீர்கள். ஓரத்து முடிகளில்தான் நோயின் அடையாளம் இருக்கிறது. வாரம் ஒரு படம் கைபேசியில் எடுத்து வைத்திருந்தால், கொட்டுவது கூடுகிறதா குறைகிறதா என்பதை மருத்துவர் ஒரு நொடியில் தெரிந்துகொள்வார்.

என் மகளுக்கு மூன்றாவது ஊசிக்குப் பிறகு, பஞ்சு போல வெள்ளை முடி அரும்பிற்று. நரைத்துவிட்டதோ என்று அழுதாள். முதலில் வெளுப்பாக வந்து பிறகு கறுப்பது இந்த நோயில் இயல்பு என்று மருத்துவர் சொன்னபடியே அது கறுத்தது. சென்ற ஆண்டு பின்கழுத்துக்கு மேலே புதிதாக ஒரு வட்டம் வந்தது. அவளே கண்ணாடியில் பார்த்துவிட்டு, படம் எடுத்து, "அம்மா, சனிக்கிழமை சேலம் போகணும்" என்றாள். போய் வந்தோம்.

நன்றி, வணக்கம்.