வயித்தக் கட்டாம காசு மிச்சம் பிடிக்கலாம் | மதுரை வீட்டுக் கணக்கு வ்லாக்

வணக்கம் மக்களே, எல்லாரும் நல்லா இருக்கீங்களா, பக்கத்துல வீடு கட்டுறாக, அந்த மிஷின் சத்தம் கேக்கும், கொஞ்சம் பொறுத்துக்கங்க. இன்னைக்கு சமையல் இல்ல, கோயில் இல்ல, முழுக்க முழுக்க வீட்டுக் கணக்கு பேசப் போறோம். மாசம் இருபத்தஞ்சு முப்பதாயிரத்துக்குள்ள, ரெண்டு பிள்ளைக, ஒரு வயசான ஆளு, வாடகை வீடு, இப்படி ஓடுற குடும்பத்துக்குத்தான் இந்த வீடியோ. நாங்களும் வில்லாபுரத்துல அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருக்கோம்.

மிச்சம் பிடிக்கிறதுன்னு சொன்னதும் எல்லாரும் நேரா அடுப்படிக்கு வந்துருவாக, எண்ணெய கொற, பால கொற, பிள்ளைகளுக்கு தின்பண்டம் வாங்காதன்னு. எனக்கு அது பிடிக்காது மக்களே, உண்மையச் சொல்றேன். வயித்துல கைய வைக்கிறது கடைசி. நமக்கு சோறும் போடாம துணியும் எடுக்காம சும்மா போற காசு ஒன்னு இருக்குல்ல, அத மொதல்ல பிடிக்கணும், அது எதுன்னா வட்டி. அதனால நான் வட்டிலருந்துதான் ஆரம்பிப்பேன்.

நம்ம ஊர்ல நூத்துக்கு ரெண்டு ரூபா வட்டி, மூனு ரூபா வட்டின்னு சாதாரணமா சொல்லுவாக. காதுக்கு ரெண்டு ரூபாதானேன்னு இருக்கும். அது மாசத்துக்கு. வருசத்துக்கு 24 சதவீதம். 50,000 ரூபா வாங்கியிருந்தா மாசம் 1000 ரூபா, வருசம் 12,000 ரூபா வட்டி மட்டும், அசல் அப்படியே நிக்கும். அதே வீட்டுல பீரோவுல ரெண்டு பவுன் சங்கிலி சும்மா கெடக்கும், விசேசத்துக்கு மட்டும் வெளிய வரும். அந்த சங்கிலிய கூட்டுறவு சொசைட்டிலயோ பேங்குலயோ வச்சா வருசத்துக்கு 9, 10 சதவீதம் பக்கத்துலதான் வரும், 10ன்னே வச்சுக்கங்க, அதே 50,000க்கு வருசம் 5,000 ரூபா. அப்ப 7,000 ரூபா மிச்சம், ஒரு பைசா வயித்தக் கட்டாம. நகைய வச்சு ரெண்டு ரூபா வட்டிக் கடன அடைச்சுட்டு, அப்புறம் மாசம் கட்டுன அந்த ஆயிரத்தயே நகைக்கடன் அசலுக்கு கட்டிக்கிட்டே வாங்க. நகை அடமானத்துல இருக்கேன்னு சங்கடமா இருக்கும், எனக்குப் புரியுது, ஆனா பீரோவுல இருக்குற நகைக்காக மாசாமாசம் நீங்க காசு கட்டிக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சுப் பாருங்க. சீட்டுல எழுதியிருக்குற தேதிய மட்டும் காலண்டர்ல குறிச்சு வைங்க, தவணை தாண்டுனா ஏலம் வரைக்கும் போகும்.

இதவிட மோசம் தினத் தண்டல். 10,000ன்னு பேசி 9,000 கையில குடுப்பாக, தினம் 100 ரூபா, 100 நாளு. பாக்க ஆயிரம் ரூபாதானே வட்டின்னு தோணும். ஆனா நீங்க மொத நாள்லருந்தே திருப்பிக் கட்டிக்கிட்டு இருக்கீங்க, அந்த 9,000 உங்க கையில 100 நாளும் இல்ல, சராசரியா பாதிப் பணம்தான் இருக்கு. 4,500 ரூபாய்க்கு மூனு மாசத்து சொச்சத்துல 1000 ரூபா வட்டி, வருசக் கணக்குக்கு எழுபது எம்பது சதவீதம் பக்கம் வந்துரும். பூக்கட்டுற அக்காமாரு, இட்லிக்கடை போட்டிருக்குற அக்காமாரு நிறைய பேரு இதுலதான் ஓடுறாக, அவுகளுக்காகத்தான் இத இம்புட்டு நேரம் சொல்றேன். உங்க தெருவுல மகளிர் சுயஉதவிக் குழு இருந்தா சேந்துருங்க, குழுக்கடன் வட்டி இதுக்கு கிட்டவே வராது. அநியாய வட்டி வாங்குறதத் தடுக்க தமிழ்நாட்டுல 2003லயே சட்டம் இருக்கு, மிரட்டுனா போலீஸ்ல புகார் குடுக்கலாம், பயந்துக்கிட்டு நகைய வித்து அடைக்கணும்னு இல்ல.

சரி, அடுத்து கரண்டு. நம்ம ஊரு வெயிலுக்கு மாசி பொறந்தா ஃபேன நிறுத்த முடியுமா, முடியாது, அதனால நிறுத்தச் சொல்லப் போறதில்ல. ரெண்டே ரெண்டு விசயம். ஒன்னு, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டுங்கிற கோட்டத் தாண்டாம பாத்துக்கிறது. மொத 100 யூனிட்டு ஃப்ரீன்னு எல்லாருக்கும் தெரியும், 2016லருந்து இருக்கு. ஆனா 500 தாண்டிருச்சுன்னா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு ஏறும்னு நெனச்சுக்கிட்டு இருப்பீங்க, அப்படி இல்ல, கணக்கு வேற படிக்கு மாறிரும், கீழ சல்லிசா கெடைச்ச யூனிட்டுக்கும் ரேட்டு ஏறிரும். 495 வந்த வீட்டுக்கும் 510 வந்த வீட்டுக்கும் பில்லுல அம்புட்டு வித்தியாசம் வர்றது அதனாலதான். ஈபிக்காரர் ரீடிங் எடுத்துட்டுப் போன அன்னைக்கு மீட்டர் நம்பர போன்ல போட்டோ எடுத்து வைங்க, ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாருங்க, 250 தாண்டியிருந்தா அடுத்த மாசம் கொஞ்சம் சூதானமா இருக்கணும். வாடகை வீட்டுல ஓனர் சப் மீட்டர் வச்சு அவரு சொல்ற ரேட்டுக்கு வாங்குறாருன்னா அது தனிப் பிரச்சனை, வீடு பாக்கும்போதே தனி சர்வீஸ் இருக்கான்னு கேட்டுக்கங்க, வாடகை 300 கூட இருந்தாலும் தனி சர்வீஸ் வீடுதான் கட்டுப்படியாகும்னு நான் சொல்லுவேன்.

ரெண்டாவது, ஃபேனு. பழைய ஃபேன் 75 வாட்ஸ் இழுக்கும். இப்ப வர்ற பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ஸ் பக்கம்தான். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடுதுன்னா பழசுக்கு 1.2 யூனிட்டு, புதுசுக்கு அரை யூனிட்டு கூட இல்ல, ரெண்டு மாசத்துக்கு ஒரு ஃபேனுக்கே 43 யூனிட்டு மிச்சம். மொத்த வீட்டுக்கும் ஒரே நேரத்துல மாத்த வேணாம், எந்த ஃபேன் அதிகம் ஓடுதோ அந்த ஒன்ன மட்டும் மொதல்ல மாத்துங்க, எங்க வீட்டுல அது மாமா படுக்குற ஹால் ஃபேன். அப்புறம் அந்த பழைய பெட்டி மாதிரி பெரிய ரெகுலேட்டர் இருக்குல்ல, அதுல ஸ்பீடு கொறச்சாலும் கரண்டு பெருசா கொறையாது, மிச்ச கரண்டு அந்தப் பெட்டிய சூடாக்கத்தான் போகும், சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாத்திட்டா சரியாகிரும். ஹீட்டர் பத்தி கேக்காதீங்க, சித்திரையில மொட்டமாடி டேங்க் தண்ணியே கைய வைக்க முடியாது.

மாத்திரைச் செலவு, இத நிறைய பேரு கவனிக்கிறதே இல்ல. வயசானவுக இருக்குற வீட்டுல சுகரு, பிரசருக்கு மாசாமாசம் ஒரு தொகை போயிக்கிட்டே இருக்கும். அட்டைய திருப்பிப் பாருங்க, கம்பெனி வச்ச பேரு பெருசா இருக்கும், கீழ சின்ன எழுத்துல மருந்தோட பேரு இருக்கும், சுகருக்குன்னா மெட்ஃபார்மின் அப்படின்னு. அதே மருந்து, அதே அளவு, முதல்வர் மருந்தகத்துலயோ மக்கள் மருந்தகத்துலயோ ரொம்ப சல்லிசா கெடைக்கும். முதல்வர் மருந்தகம் 2025 பிப்ரவரில ஆரம்பிச்சாக. ஆனா நீங்களா மாத்தக்கூடாது, டாக்டர்கிட்ட சீட்டக் காட்டி இது இந்த மருந்துலயே வாங்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுருங்க, வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை இதெல்லாம் கேக்காம மாத்தவே கூடாது. அதுக்கும் முன்னாடி, பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு பதிஞ்சா சுகர், பிரசர் மாத்திரை காசே இல்லாம குடுப்பாக. நடக்க முடியாதவுகளுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்து குடுக்குறாக, 2021லருந்து நடக்குது. அரசாங்க மாத்திரை கேக்காதுன்னு நம்ம பெரியவுக சொல்லுவாக, அது தப்புன்னு பொறுமையா சொல்லுங்க, ஒரு மாசம் சாப்பிட்டுட்டு சுகர் டெஸ்ட் எடுத்து அந்த ரிசல்ட்டயே காட்டுங்க, அவுகளே நம்பிருவாக.

இப்பதான் அடுப்படிக்கு வாரேன். காய்கறிக்கு உழவர் சந்தைதான். இந்த உழவர் சந்தைங்கிற திட்டமே நம்ம மதுரை அண்ணா நகர்லதான் மொத மொத ஆரம்பிச்சது, 1999 நவம்பர் 14. மொத்த மார்க்கெட்டுக்கு மேல, சில்லறைக் கடைக்குக் கீழ, அப்படி நடுவுல வெலை வைப்பாக, போர்டுல எழுதிப் போட்டிருப்பாக. அந்த போர்ட ஒரு போட்டோ எடுத்துக்கங்க, தெருவுல வண்டிக்காரர்கிட்ட வாங்கும்போது கூட நமக்கு வெலை தெரியும். வெள்ளனே போயிரணும், கீரையெல்லாம் சீக்கிரம் முடிஞ்சிரும். இன்னொன்னு, வீட்டுலருந்து என்ன கொழம்புன்னு முடிவு பண்ணிட்டுப் போகாதீங்க, அங்க எது மலிஞ்சு கெடக்கோ அதப் பாத்து கொழம்ப முடிவு பண்ணுங்க. சின்ன வெங்காயம் வெலை ஏறுன வாரம் கொழம்புக்குள்ள பெரிய வெங்காயம், தாளிக்க மட்டும் நாலு சின்ன வெங்காயம், வாசம் அதுலயே வந்துரும்.

பலசரக்குக்கு ஒரு கணக்கு இருக்கு. எங்க அப்பத்தா காலத்துலருந்து வர்றது, எதையும் அது அது வர்ற காலத்துல வாங்கணும். மாசி பங்குனில புதுப்புளி வரும், பங்குனி சித்திரைல வத்தல் வரும், அப்ப கீழமாசி வீதில மொத்தமா வாங்கி, புளிய கொட்டை எடுத்து கல்லுப்பு போட்டு ஜாடில வச்சா வருசம் பூராம் ஓடும். வத்தல மொட்டமாடில நல்லா காயப்போட்டு மல்லியோட அரைச்சு வச்சுக்கிட்டா மசாலாப் பாக்கெட் வாங்குற வேலையே இல்ல. ஒரு வீட்டுக்கு மூட்டை அதிகம்னா பக்கத்து வீடு, மதினி வீடு, மூனு வீடு சேந்து எடுத்து பிரிச்சுக்கங்க, நாங்க அப்படித்தான் செய்றோம், ஷேர் ஆட்டோ காசு கூட மூனாப் பிரிஞ்சிரும். சாதாரண டவுன்பஸ்ல போனா பொம்பளைகளுக்கு டிக்கெட் காசே இல்ல, சும்மா போயிட்டு வரலாம்.

ரேசன விடாதீங்க. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, வெளிய என்ன வெலைன்னு உங்களுக்கே தெரியும். ரேசன் புழுங்கரிசிய இட்லிக்கு போட்டுப் பாருங்க, நல்லா கழுவி, கடை இட்லி அரிசியோட பாதிப் பாதி, உளுந்து மட்டும் நல்ல உளுந்தா இருக்கணும், இட்லி பஞ்சு மாதிரி வரும். பருப்ப அரை மணி நேரம் ஊறவச்சு குக்கர்ல வச்சு, மொத விசில் வந்ததும் சிம்ல வச்சிருங்க, கேஸ் நின்னு வரும். பரோட்டாவ நிறுத்துங்கன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன், மதுரைல இருந்துக்கிட்டு அது ஆகாது. ஞாயித்துக்கிழமை ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் கடைல வாங்கிக்கங்க, ஆம்லெட்டு வீட்டுல போட்டுக்கங்க, நாலு பேருக்கு அதுலயே நல்ல மிச்சம்.

பிள்ளைகள வெளிய கூட்டிட்டுப் போறது. லீவு விட்டா மால், கேம்ஸு, ஐஸ்கிரீம்னு ஆயிரம் ரூபா போயிரும், திரும்பி வரும்போது பிள்ளைகளும் முணுமுணுத்துக்கிட்டேதான் வரும். நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலைல தெறந்தாக, பிள்ளைகளுக்குன்னே தனிப் பகுதி, உக்காந்து படிக்க, வெளையாட எல்லாம் இருக்கு, நுழைவுக் கட்டணம் கெடையாது. காலேஜ் முடிச்சுட்டு டிஎன்பிஎஸ்சி படிக்கிற தம்பி தங்கச்சிகளுக்கும் சொல்றேன், அங்க அமைதியா நாள் பூராம் படிக்கலாம், வீட்டுல எடம் இல்லன்னு கவலப்படாதீங்க. தமுக்கம் பக்கத்துல காந்தி மியூசியம், அதுவும் காசு இல்ல. கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வீட்டுலருந்து புளிசோறு கட்டிக்கிட்டு போங்க, அடிவாரத்துல ஆலமரத்து நெழல்ல உக்காந்து சாப்பிட்டா பிள்ளைக ராத்திரி வரைக்கும் அதயேதான் பேசும். இதையெல்லாம் சிக்கனம்னு நெனைச்சு சொல்லல, எங்க பிள்ளைகளுக்கு மாலவிட இதுதான் பிடிச்சிருக்கு.

இப்ப முக்கியமான எடத்துக்கு வந்துட்டோம். இப்படி மிச்சமான காசு எங்க போகுது? பர்ஸ்லயே விட்டா பத்து நாள்ல கரைஞ்சிரும், யாரும் தப்பு பண்ணலைன்னாலும் கரையும். அதனால சம்பளம் வந்த வாரமே போஸ்ட் ஆபீஸ்ல கட்டிரணும். ஆர்டி, அதான் மாசாமாசம் கட்டுற சேமிப்பு, மாசம் 100 ரூபாலருந்து போடலாம், 5 வருசம், 2023 அக்டோபர்லருந்து 6.7 சதவீதம். மாசம் 1000 கட்டுனா 60,000 கட்டியிருப்போம், கைக்கு 71,000க்கு மேல வரும். கோடி ரூபா இல்ல, ஆனா அந்த நேரம் காலேஜ் ஃபீஸ் கட்ட ரெண்டு ரூபா வட்டிக்கு யார் வாசல்லயும் போயி நிக்க வேணாம். பொம்பளப்பிள்ளை இருந்து 10 வயசுக்குள்ளன்னா செல்வமகள் திட்டம் போடுங்க, வருசத்துக்கு 250 ரூபா கட்டுனாலே கணக்கு உயிரோட இருக்கும், வட்டியும் ஆர்டியவிட கூட.

போகும்போது ஆதார், பான் கார்டு, ரெண்டு போட்டோ எடுத்துக்கங்க, வாரிசு பேரு மறக்காம எழுதிருங்க. ஒரு சின்ன விசயம், மாசத்துல 15ஆம் தேதிக்குள்ள ஆர்டி ஆரம்பிச்சா ஒவ்வொரு மாசமும் 15க்குள்ள கட்டணும், 16க்கு மேல ஆரம்பிச்சா மாசக் கடைசி வரைக்கும் டைம் இருக்கு. உங்க வீட்டுக்கு சம்பளம் என்னைக்கு வருதுன்னு பாத்துட்டு அதுக்குத் தகுந்த மாதிரி போய் ஆரம்பிங்க, தவணை தவறுனா நூத்துக்கு ஒரு ரூபா அபராதம். தலைமைத் தபால் நிலையம் ஸ்காட் ரோட்டுல இருக்கு, அம்புட்டு தூரம் போக முடியாதவுக உங்க ஏரியா சப் போஸ்ட் ஆபீஸ்லயே போடலாம். நாளைக்கே போயிட்டு வாங்க மக்களே, வாரேன்.