பித்தளை வட்டத்தில் ஒரு விகலை

அவையோருக்கு வணக்கம்.

நில அளவை என்றதும் நம் நினைவுக்கு வருவது சங்கிலி. வரப்புத் தகராறு வந்தால் சர்வேயர் சங்கிலியோடும் எஃப்.எம்.பி. என்கிற புலப்பட நகலோடும் வருவார், கல்லுக்குக் கல் பிடித்துப் பார்ப்பார், கடைசியில் இரண்டு தரப்பில் ஒரு தரப்பு முறைத்துக்கொண்டு போகும். நாலு ஏக்கர் நிலத்துக்கு அது போதும். ஒரு துணைக்கண்டத்தையே அளக்க வேண்டுமென்றால்? நடுவில் ஆறு வரும், காடு வரும், மலை வரும். சங்கிலி அங்கே கைகொடுக்காது.

அதற்குத்தான் கோணம். தரையில் ஒரே ஒரு கோட்டை மட்டும் சுத்தமாக அளந்துகொள்ளுங்கள். அதன் இரண்டு முனைகளிலும் நின்று, தொலைவில் தெரியும் ஒரு குன்றை நோக்கிக் கோணம் எடுங்கள். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டு பக்கங்களும் கணக்கிலேயே வந்துவிடும். அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. 1802 ஏப்ரலில் ஆங்கிலேயப் படை அதிகாரி வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் நீளத்துக்கு இப்படி ஒரு அடிக்கோட்டை நூறடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். பிற்பாடு இமயம் வரை போன முக்கோணங்களுக்கெல்லாம் தொடக்கம் அதுதான்.

அடிக்கோட்டைப் பற்றி நிறையப் பேர் பேசிவிட்டார்கள். நான் பேச வந்தது கோணத்தை அளந்த கருவியான தியோடலைட்டைப் பற்றி. ஏனென்றால் பாரம் முழுவதும் அதன் தலையில்தான் விழுந்தது.

தியோடலைட் என்பது என்ன? படுக்கை வாக்கில் ஒரு பித்தளை வட்டம், விளிம்பில் பாகைக் கோடுகள், மேலே சுழலும் தொலைநோக்கி, கோடுகளைப் படிக்க நுண்ணோக்கிகள். அவ்வளவுதான். சிக்கல் அந்தக் கோடுகளில் இருக்கிறது. பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை. லாம்ப்டனின் பெரிய தியோடலைட்டின் வட்டம் 36 அங்குல விட்டம். அவ்வளவு பெரிய வட்டத்திலும் ஒரு விகலை விளிம்பில் பிடிக்கும் இடம் எவ்வளவு தெரியுமா? ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 450-இல் ஒரு பங்கு. தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட வராது. வட்டத்தில் அந்த அளவு பிசகினால் முப்பது மைலுக்கு அப்பால் உள்ள புள்ளி ஒரு சாண் தள்ளிப் போய்விடும். வட்டத்தைப் பெரிதாகச் செய்தது பகட்டுக்காக அல்ல; அந்த ஒரு விகலைக்கு இடம் வேண்டும் என்பதற்காக.

வட்டத்தைச் சமமாகப் பிரிப்பது அந்தக் காலத்தில் கைவினைஞர்களின் தொழில் ரகசியம். லண்டனில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களில் அதற்கென்றே ஒரு எந்திரம் செய்தார். சக்கரத்தின் விளிம்பில் 2,160 பற்கள். அதை நகர்த்தும் திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் சரியாகப் பத்துக் கலை நகரும். மனிதர் மேதை, ஆனால் சொன்ன தேதிக்குப் பொருள் தரமாட்டார். பிரிட்டனில் நில அளவை நடத்திய வில்லியம் ராய் தன் அளவைக்காகக் கேட்ட மூன்றடி தியோடலைட்டை மூன்று வருடம் இழுத்தடித்து 1787-இல்தான் கொடுத்தார். லாம்ப்டனின் கருவியைச் செய்த வில்லியம் கேரி இந்த ராம்ஸ்டனிடம் தொழில் பயின்றவர்.

கேரியின் கருவி பெட்டியோடு சேர்ந்து அரை டன் எடை. வரும் வழியில் கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். எதிரியிடம் தப்பிய கருவிக்குத் தஞ்சாவூரில் கண்டம் காத்திருந்தது.

காவிரிப் படுகை ஒரே சமவெளி. ஏறி நின்று பார்க்கக் குன்று கிடையாது. எங்கு பார்த்தாலும் தென்னை மறைக்கும். லாம்ப்டன் கோயில் கோபுரங்களையே மலையாகப் பயன்படுத்தினார். 1808-இல் பெரிய கோயிலின் உச்சிக்குக் கருவியைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். இழுத்துப் பிடித்திருந்த கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் போய் மோதியது. வட்டம் நெளிந்துபோயிற்று.

வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். இவர் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். சமமான பெரிய பலகையில் வட்டம் இருக்கவேண்டிய அளவுக்கு ஒரு வட்டம் வரைந்தார். அதற்குப் பொருந்தும்வரை, ஆப்பு, திருகு, கப்பி இவற்றைக் கொண்டு நெளிந்த பித்தளையை இழுத்து இழுத்துச் சரிசெய்தார். ஆறு வாரம் ஆயிற்று. அந்த வட்டத்தோடுதான் 1823-இல் இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் இறக்கும்வரை, பதினைந்து வருடம் வேலை பார்த்தார்.

நெளிந்து நிமிர்ந்த வட்டத்தை நம்பலாமா என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நல்ல அளவையர் எந்த வட்டத்தையும் முழுசாக நம்புவதில்லை. எதிரெதிர்ப் பக்கங்களில் இருக்கும் நுண்ணோக்கிகளில் படித்துச் சராசரி எடுத்தால், வட்டத்தின் மையம் விலகியிருந்தாலும் அந்தப் பிழை அடிபட்டுப்போகும். தொலைநோக்கியைப் புரட்டிப்போட்டு மறுபடி பார்த்தால் இன்னொரு பிழை போகும். வட்டத்தையே கொஞ்சம் திருப்பிவைத்து, அதே கோணத்தை வேறு கோடுகளில் எடுத்தால், கோடுகளின் ஏற்றத்தாழ்வும் குறையும். லாம்ப்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் இந்தக் கடைசி முறையை ஒரு ஒழுங்காகவே ஆக்கினார். மனிதர் சிடுமூஞ்சி, வேலையில் கெட்டி.

எவரெஸ்ட் காலத்தில் ஹென்றி பாரோ என்ற கருவியாளரைக் கல்கத்தாவில் வைத்து இந்தப் பெரிய தியோடலைட்டைப் புதுப்பித்தார்கள். பாரோவுக்குப் பின் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் சையத் மீர் மொஹ்சின் ஹுசைன், நம் ஆர்க்காட்டுக்காரர். இங்கிலாந்தில் போய்ப் படித்தவர் அல்ல. நகை, கடிகாரம் என்று நுணுக்கவேலை பழகிய கை. எவரெஸ்ட் அவ்வளவு எளிதில் யாரையும் மெச்சுகிறவர் இல்லை. அவரே இவர் பெயரை அந்தப் பதவிக்குப் பரிந்துரைத்தார். இமயத்துச் சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் வந்த கதை ஊரெல்லாம் தெரியும், இவர் பெயரை ஒரு பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

லாம்ப்டனின் தெற்குப் பகுதி அளவுகள்மேல் பிற்காலத்தாருக்குத் திருப்தி இல்லை. 1860களில் தொடங்கி, புதிய கருவிகளோடு தீபகற்பத்தை மறுபடி அளந்தார்கள். கன்னியாகுமரிப் பக்கம் புதிதாக ஒரு அடிக்கோடும் போட்டார்கள். கேரி செய்த பழைய கருவி இன்று டேராடூனில், இந்திய அளவைத் துறையிடம் இருக்கிறது. அந்தப் பக்கம் போகிறவர்கள் கேட்டுப் பாருங்கள். பார்க்கக் கிடைத்தால் மேலே உள்ள தொலைநோக்கியை விட்டுவிட்டு, கீழே அந்த விளிம்பைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.