படத்தில் இல்லாத கண்மாய்

(சிவகங்கை மாவட்டக் கிராமத் தொடக்கப்பள்ளி ஒன்றில், உலக நீர் நாள் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் ஐயா அவர்களே, என்னை மறக்காமல் அழைத்த தலைமையாசிரியை அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, பந்தல் போட்டுக் கொடுத்த முன்னாள் மாணவர்களே, முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் செல்லங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அம்மா நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலிருந்து நேராக இங்கே வந்திருக்கிறார். சேலைக் கரையில் இன்னும் மண் ஒட்டியிருக்கிறது. கல்வி அலுவலர் ஐயாவுக்கு இன்று இது மூன்றாவது பள்ளி. மைக் செட் தம்பி காசே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இவர்களை எல்லாம் வணங்காமல் பேச்சைத் தொடங்க எனக்கு மனம் வராது.

என் அப்பத்தா அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு: ‘மாரியல்லது காரியமில்லை.’ மாரி என்றால் மழை. மழை இல்லாவிட்டால் எந்த வேலையும் நடக்காது. 1993-லிருந்து ஆண்டுதோறும் மார்ச் 22-ஐ உலக நீர் நாளாக உலகமே கடைப்பிடிக்கிறது. அப்பத்தாவுக்கு எல்லா நாளும் நீர் நாள்தான்.

இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு நீர்ச் சுழற்சியை எப்படிக் கண்ணால் காட்டுவது என்பது ஒன்று. நாம் சுவரில் மாட்டும் படத்தில் எது விடுபட்டிருக்கிறது என்பது இரண்டாவது. நம் பழைய புலவர்கள் இந்தச் சுற்றை எப்படிப் பாடினார்கள் என்பது மூன்றாவது.

முதலில், சொல்லை விட்டுவிட்டுப் பொருளைக் காட்டுங்கள். ஆவியாதல், ஆவி சுருங்குதல், மழைப்பொழிவு என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஏழு வயதுப் பிள்ளை அதை ராகம் போட்டு ஒப்பிக்கும். அதோடு சரி. மழை பெய்த மறுநாள் பள்ளி வாசலில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மணி அடிக்கும்போதெல்லாம் இன்னொரு கோடு. மத்தியானச் சாப்பாட்டுக்குள் கோட்டுக்குள் கோடாக, மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி நிற்கும். தண்ணீர் எங்கே போச்சு? யாரும் குடிக்கவில்லை, யாரும் கொதிக்க வைக்கவும் இல்லை. அப்போதுதான் ஆவி என்ற சொல்லுக்கு இடம் வருகிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும்போது மூக்கின் வாயை ஒட்டிக் கொஞ்ச இடம் ஒன்றுமே இல்லாமல் தெரியும். அதற்கு அப்பால்தான் வெள்ளைப் புகை. கண்ணுக்குத் தெரியாத அந்த இடத்தில்தான் நீராவி இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்து போன பொடித்துளிகள். மேகமும் அப்படித்தான், துளிகளின் கூட்டம். ‘மேகம் என்றால் ஆவி’ என்று தயவுசெய்து சொல்லிக் கொடுக்காதீர்கள்.

இங்கே ஒரு சம்பவம் சொல்லியாக வேண்டும். 1991. எனக்கு முதல் பணியிடம், இரண்டாம் வகுப்பு. காற்றில் தண்ணீர் இருக்கிறது என்று காட்ட எனக்கு ஐஸ் வேண்டும். ஊரில் ஒரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. தொண்டிப் பக்கமிருந்து டி.வி.எஸ். 50-ல் மீன் கொண்டு வரும் அண்ணன் ஒருவர் இருந்தார். அவரிடம் கேட்டேன். ‘மீன் வாங்காம ஐஸ் மட்டும் கேக்குற மொத ஆளு நீங்கதான் வாத்தியாரே’ என்று சிரித்தபடி, பெட்டியிலிருந்து ஒரு கட்டி உடைத்து உமியில் பொதிந்து சாக்கில் சுற்றிக் கொடுத்தார். ஓடினேன். வகுப்புக்குள் போவதற்குள் கட்டி பாதியாகியிருந்தது. எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி, நல்ல சிவப்பாகக் குங்குமம் கரைத்து, ஐஸைப் போட்டு மேசை மேல் வைத்தேன். முப்பது பிள்ளைகளும் மேசையைச் சுற்றிவிட்டார்கள். முதலில் மூக்கைப் பொத்தினார்கள். ‘சார், மீன் வாசம்!’ அப்புறம் டம்ளர் வெளிப்பக்கம் மங்கியது, முத்து முத்தாக வேர்த்தது, ஒரு துளி வழிந்து மேசைக்கு வந்தது. கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் உரக்கச் சொன்னான்: ‘சார், டம்ளர் ஓட்டை.’ எல்லோரும் சிரித்தார்கள். நான் துடைத்தேன். மறுபடியும் வேர்த்தது. ‘ஓட்டைதான் சார்’ என்றான் அவன். சரி, நீயே பார் என்று டம்ளரை அவன் கையில் கொடுத்தேன். விரலால் வழித்தான், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். துளி சிவப்பாக இல்லை. திரும்பத் திரும்ப மூன்று தடவை வழித்தான். கடைசியில் மெதுவாகக் கேட்டான்: ‘உள்ள இருந்து வரல. அப்ப எங்க இருந்து சார் வருது?’

அவன் வீட்டு மண்பானை மணல் மேல் இருந்தது. பானை கசிந்து கசிந்து அந்த மணல் எப்போதும் ஈரமாகவே இருக்கும். பானை கசிவதைப் பார்த்தவன் டம்ளரும் கசிகிறது என்று நினைத்ததில் என்ன தப்பு? அது யோசித்துச் சொன்ன பதில். பிள்ளைகள் தப்பாகச் சொன்னால் அந்தத் தப்புக்குப் பின்னால் ஒரு பானை இருக்கிறதா என்று தேடுங்கள்.

மறுநாள் அவனே வந்தான். ‘காத்துல தண்ணி இருக்கு, மேகம் வருது, மழையும் பெய்யுது. பெறகு ஏன் சார் நம்ம கம்மா மட்டும் நெறையல?’ அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை. சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். கடல், சூரியன், மேகம், பனி மூடிய மலை, ஆறு, மறுபடியும் கடல். நான்கு அம்புக்குறிகள். எங்கள் ஊரில் அந்த மலையும் இல்லை, அந்த ஆறும் இல்லை. ஊரில் இருக்கும், கம்மா என்று நாங்கள் சொல்லும் கண்மாய், குடிநீர் எடுக்கும் ஊருணி, கிணறு, மழைநீரைக் கொண்டு வரும் வரத்துக்கால் எதுவும் படத்தில் இல்லை. அதுதான் என் இரண்டாவது செய்தி.

உலகத்துத் தண்ணீரை நூறு குடமாக வைத்தால் ஏறத்தாழ 97 குடம் உப்பு. மிச்சத்திலும் பெரும்பகுதி பனிக்கட்டி. நமக்கு ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்றே மாதத்தில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதத் தண்ணீரை மற்ற ஒன்பது மாதத்துக்கு நிறுத்தி வைக்கத்தான் தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களை முன்னோர் வெட்டினார்கள். மேல்கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால், அந்த மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். நம் ஊரில் நீர்ச் சுழற்சி நின்று இளைப்பாறும் இடம் அது. மாரியல்லது காரியமில்லை. ஆனால் மாரி வந்தும் காரியம் நடக்கவில்லை என்றால் மேகத்தைக் குறை சொல்ல முடியுமா? சென்னை தியாகராய நகர், ஒரு காலத்தில் மைலாப்பூர் வரை நீண்டு கிடந்த ஏரி. 1920-களில் அதைத் தூர்த்துத்தான் அந்த நகரையே உண்டாக்கினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி இருந்த இடத்தில்தான்.

நம் ஊருணிக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் பின்னால் அதன் வரத்துக்கால் இருக்கிறது. இன்று காலை பிள்ளைகளோடு நடந்து பார்த்தேன். முதல் நூறு அடி பிளாஸ்டிக். அதற்கப்புறம் சீமைக்கருவேல முள். ரோட்டுக்கு அடியில் இருக்கும் குழாயில் மண் அடைத்து, கை நுழையும் அளவுதான் வழி. நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி குச்சியை விட்டுப் பார்த்துவிட்டு, ‘தாத்தா, மழைக்கு இங்க கதவு சாத்திட்டாங்க’ என்றாள். நீர்ச் சுழற்சிப் பாடத்தை முழுக்கப் புரிந்துகொண்டவள் அவள்தான்.

ஆசிரியர்களே, பள்ளியில் ஒரு மழைமானி வையுங்கள். நேரான சுவரும் தட்டையான அடியும் உள்ள கண்ணாடிப் பாத்திரம், ஒரு ஸ்கேல், போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இந்த வகுப்பறைக் கூரை 50 சதுர மீட்டர் என்று வையுங்கள். 20 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர். கணக்குப் பாடமும் ஆச்சு. 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கெல்லாம் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது. நம் கூரைத் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று பிள்ளைகளே போய்ப் பார்க்கட்டும்.

தலைவர் அம்மாவிடம் கை கூப்பிக் கேட்கிறேன். அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பெரிய குழாய் போட்டுக் கொடுங்கள். முள்ளை வெட்டுவதும் மண்ணை அள்ளுவதும் எங்கள் பொறுப்பு. குடிமராமத்து என்று இதைத்தான் நம் பாட்டன்மார் தங்கள் கையாலேயே செய்தார்கள். வரத்துக்கால் காய்ந்து கிடக்கும் இந்தப் பங்குனியை விட்டால் வேறு நேரம் இல்லை. ஐப்பசியில் இறங்க முடியாது.

புலவர்களைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன், மணி ஒன்றாகிவிட்டது. பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி, ரோட்டுக் குழாய்ப் பக்கம். மண்வெட்டி, அரிவாள், கூடை இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். பிள்ளைகள் முள் பக்கம் வர வேண்டாம், பிளாஸ்டிக் பொறுக்கினால் போதும், செருப்புப் போட்டு வரவும். மாரியல்லது காரியமில்லை. சுக்குக் காபி நான் கொண்டு வருகிறேன். நன்றி, வணக்கம்.